தோள் எந்தப் பக்கம்

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக இடது சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரார் உயிரையும் தன் உயிரையும் ஒருசேரக் காப்பாற்றி வருபவள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பேராசிரியர், மருமகள் மேலிருக்கும் கோபத்தையெல்லாம் கிளட்ச்சில் காட்டும் மாமியார், ஹார்ன் அடிப்பதற்கென்றே வண்டி ஓட்ட வந்த கடைக்காரர் என்று அவள் பார்க்காத ஆள் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக வந்த விண்ணப்பத்தை வாங்கிப் படித்ததும், உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

விண்ணப்பத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர். வெளிநாட்டில் பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர். இங்கே லைசென்ஸ் எடுத்ததில்லை. கம்பெனியின் புதுக் கிளைக்குத் தலைமை ஏற்கப் போகிறார், அங்கே டிரைவர் கிடையாது, அவரே ஓட்டியாக வேண்டும், ஆகவே பயிற்சி தேவை. அவ்வளவுதான். தொழிற்சாலையில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஃபாரின். அந்தப் பெயரைக் கேட்டாலே பதினான்கு மாதமாக டீச்சருக்கு வயிறு எரியும்.

காரணம் அவளுடைய தம்பி.

தம்பி அதே தொழிற்சாலையின் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். கிடங்கின் கதவிலிருந்து வெளியே வந்தால் நீளமாக ஒரு தார்ச்சாலை, இடது பக்கம் திரும்பினால் அதன் முடிவில் மெயின் கேட். சாலைக்கு நடுக்கோடு கிடையாது, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு மட்டும். வண்டிகள் இடது பக்கம் போக வேண்டும், ஆட்கள் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று கேட்டருகே ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். தம்பி சட்டத்துக்குப் பிறந்தவன். வீட்டு மாடிப்படியில்கூட ஓரம் பார்த்து ஏறுவான். அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில், சாலையைக் கடந்து வலது ஓரத்துக்குப் போய், கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து கம்பெனி வேன் வந்து அவனைச் சாய்த்தது.

வேனை ஓட்டியவர் ஃபாரின். டிரைவர் சாப்பிடப் போயிருந்தான், அவசரம் என்று இவரே சாவியை எடுத்திருக்கிறார். கிடங்கிலிருந்து இடது பக்கம் திரும்புகிறவர், வண்டிகள் வலது பக்கம் போகும் அந்த நாட்டு வழக்கப்படி அகலமாகத் திரும்பி, நேராக எதிர் ஓரத்துக்குப் போய்விட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. நினைவு தப்பிக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, இந்தப் பக்கம், கிடங்குச் சுவர் நிழலில் கிடத்தினார். வேனையும் இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார். வந்தவர்கள் கண்டது என்ன? இடது பக்கம் வேன், இடது பக்கம் ஆள். வெயிலில் போடாமல் நிழலுக்குத் தூக்கி வந்த பெரிய மனசு என்று அவரைப் பாராட்டவும் செய்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். பர்சனல் ஆபீசர் அம்மாவும் சங்கத் தலைவரும் கம்பெனி டாக்டரும் உட்கார்ந்து கேட்டார்கள். "ராங் சைடுல நடந்து வந்தான், நான் என் சைடுலதான் வந்தேன்," என்றார் மேலாளர். தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, வலது ஓரத்தில்தான் நடந்தேன் என்று சொன்னான். தலையிலும் அடிபட்டிருந்ததால், பாவம், குழம்பிப் போயிருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். ஊழியரின் கவனக்குறைவு என்று ஃபைலை மூடினார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, வேலை போயிற்று, அதெல்லாம்கூடப் போகட்டும். கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்குப் பெயர் வைத்தார்கள். ராங் சைடு. பார்க்க வந்தவன்கூட, "என்ன ராங் சைடு, எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அன்று தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன், மறுநாள் காலை வரை யாரோடும் பேசவில்லை. வாசல் வரை போய் அந்த நண்பனை வழியனுப்பிய டீச்சர், இதற்கு ஒருநாள் பதில் வாங்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

பதில் தானாக நடந்து வந்து, விண்ணப்பம் நிரப்பி, போட்டோ ஒட்டிக் கொடுத்திருக்கிறது. முகம் கழுவாமல் வேறென்ன செய்வாள்?

ஃபாரின் வந்தார். நல்ல உயரம், நல்ல வாசனை. வீட்டிலிருந்து விசாரணைக்கு அம்மாதான் போயிருந்தாள் என்பதால் டீச்சரை அவருக்குத் தெரியாது. வரவேற்பறைக் கதவில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். இவள் இடது பக்கம் ஒதுங்கினாள், அவர் வலது பக்கம் ஒதுங்கினார், இருவரும் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். இவள் மறுபடி, அவர் மறுபடி. கடைசியில் அவர் சலித்துக்கொண்டார்.

"இங்க யாருக்குமே ஒதுங்கத் தெரியலம்மா. எங்க ஃபேக்டரிலயும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு. இப்ப பழகிட்டாங்க."

பழகித்தான் விட்டார்கள். தம்பி சொல்லியிருக்கிறான். தொழிற்சாலை மாடிப்படியில் முந்நூறு பேரும் இடது பக்கம் ஏறி இடது பக்கம் இறங்குவார்கள். ஃபாரின் வருவது தெரிந்தால் மட்டும் மொத்தப் படிக்கட்டும் பக்கம் மாறும். டீத்தட்டு ஏந்தியவர்கூடச் சுவரை உரசிக்கொண்டு மறுபுறம் போவார். ஐந்து வருடமாக ஒரு தொழிற்சாலையே ஒருத்தருக்காகத் தன் நடையை மாற்றிக்கொண்டிருந்தது, அவருக்கோ தான் சரியாக நடப்பதாக எண்ணம்.

வண்டியருகே போனதும் அவர் இடது பக்கக் கதவைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைக் காணாமல் இரண்டு விநாடி முழித்தார். டீச்சர் வெளியே நின்றபடி, "அது என் சீட் சார்," என்றாள்.

இடம் மாறி உட்கார்ந்து, திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் வைப்பர் வறட்டுக் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து அழுதது. டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பெரிய சாலையில், முன்னால் வண்டி பின்னால் வண்டி இருக்கும்போது ஒழுங்காகத்தான் ஓட்டினார். கூட்டத்தோடு போகும் ஆளுக்கு என்ன கஷ்டம். ஒரு சந்திலிருந்து வெளியே வந்து இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. அவர் கை அகலமாக வளைத்து, சுகமாக எதிர் ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் வேலி உரசாத குறையாக ஓடியது. அவருக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

டீச்சர் தன் பிரேக்கை மெதுவாக அழுத்தினாள். தம்பி சொன்னது அத்தனையும் உண்மை என்று அவளுக்கு எப்போதும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அந்தச் சீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பது வேறு.

"என்னம்மா, ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் ஓட்டறீங்க," என்றாள்.

இந்த நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. போன மாதம்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பிய நர்ஸம்மா ஒருத்தி வந்தாள். அவளுக்கும் இதே கோளாறு. வண்டியைக் கிளப்புமுன்பே டீச்சர் அவளிடம் சொன்னாள்: "எந்த நாட்டுல ஓட்டினாலும் சரி, ஓட்டறவங்க தோள் நடுரோட்டுப் பக்கம் இருக்கணும். உங்க தோள் ஓரத்துப் பக்கம் வந்துடுச்சுன்னா நீங்க தப்பான இடத்துல இருக்கீங்க. இடது வலதெல்லாம் மறந்துடுங்க, தோளை மட்டும் பாருங்க." நாலே நாளில் நர்ஸம்மா அம்பு மாதிரி ஓட்டினாள். டீச்சரின் தொழில் ரகசியம் இது ஒன்றுதான். வெளிநாட்டுக் கை என்று வந்த எல்லோருக்கும் முதல் நாளே, முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவாள்.

ஃபாரினுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். ஒவ்வொரு சந்து முனையிலும், திருப்பம் வருவதற்கு முன், தன் முன்னாலிருந்த டாஷ்போர்டின் இடது கோடியில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு. டக், டக். வேறு பேச்சில்லை. ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்றுதான் தோன்றும். ஆனால் அவருடைய கண் அந்த விரலுக்குப் போகும், கண் போன பக்கம் கை போகும், வண்டி அடக்க ஒடுக்கமாக இடது ஓரத்தைப் பிடிக்கும். ஆறு வாரம் இப்படியே ஓடிற்று. தான் தேறிவிட்டோம் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. ஓட்டியதில் பாதி அவள் விரல் என்பது அவருக்குத் தெரியாது. தனியாக ஓட்ட அவரை அவள் ஒரு நாளும் விடவில்லை. தேறிவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஐந்தாவது வாரத்திலேயே அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தாள். தொழிற்சாலையில் வருடத்துக்கொரு முறை பாதுகாப்பு வாரம் நடக்கும். ஸ்கூல் முதலாளியிடம் போய், நம் வண்டியை வைத்து ஒரு செய்முறை விளக்கம் காட்டலாமே, நாலு பேர் பார்த்தால் நாலு பேர் சேருவார்களே என்றாள். முதலாளிக்கு அந்த நாலு பேர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். உடனே போனைப் போட்டார். யார் ஓட்டிக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது டீச்சர் வண்டியில் வைத்து ஃபாரினிடமே கேட்டாள்.

"நீங்களே ஓட்டினா நல்லாயிருக்கும் சார். மேனேஜரே ஓட்டிக் காட்டறாருன்னா அவங்களுக்கும் ஒரு பயம் வரும்."

"அதுவும் சரிதான். இவனுங்களுக்கு ரோடு சென்ஸே கிடையாதும்மா. போன வருஷம்கூட ஒருத்தன் ராங் சைடுல வந்து, என் வண்டியிலயே விழுந்தான். நம்ம நல்ல நேரம், விசாரணையில எல்லாம் சரியாப் போச்சு."

டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "அப்படியா சார்," என்றாள். பிறகு, வந்த திருப்பத்துக்கு இரண்டு தட்டு தட்டினாள்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பொம்மை செய்தாள். கந்தல் துணியைத் திணித்து ஓர் ஆள் அளவுக்கு. சட்டை வேண்டியிருந்தது, அலமாரியிலிருந்து தம்பியின் பழைய நீலச் சீருடையை எடுத்தாள். அவன் பொய்க்காலோடு ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"யாருக்கா இது? எனக்குப் பதில் ஆளா?"

மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை. முதல் நாள் வைப்பரிலிருந்து நாளைய திட்டம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கிடங்குக் கதவிலிருந்து அவர் வண்டியை எடுத்து வருவார், இடது பக்கம் திரும்புவார், சாலை காலியாக இருக்கும், அவள் விரல் தட்டாது. வலது ஓரத்தில், கேட்டைப் பார்த்தபடி இந்தப் பொம்மை நிற்கும். மிச்சத்தை முந்நூறு பேரும் பார்த்துக்கொள்வார்கள்.

தம்பி பொம்மையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டான். அவனுக்குக் கிண்டல் போகாது, கால் போனாலும்.

"பொம்மையை இடிச்சா சிரிப்பாங்கக்கா. கைதட்டுவாங்க. சார் ஜோக் பண்ணாருன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க."

"போக மாட்டாங்க."

"எனக்கு அவங்களைத் தெரியும். பொம்மைக்கு ராங் சைடுன்னு பேர் வெப்பாங்க."

அம்மா அடுக்களையிலிருந்து, "ரெண்டு பேரும் என்னடி பேசறீங்க?" என்று கேட்டாள். "சும்மாம்மா," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுநாள் தம்பியும் கூட வந்தான். சாலையில் கூம்பு வைக்க ஆள் வேண்டும், நான் வைக்கிறேன் என்றான். கேட்டில் செக்யூரிட்டி அவனைப் பார்த்துவிட்டு, "அட, ராங் சைடு. வா வா," என்று குறுக்குக் கம்பைத் தூக்கினார். கெட்ட மனிதர் இல்லை. பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். தம்பி சிரித்து வைத்தான். டீச்சருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முந்நூறு பேரும் கிடங்குச் சுவரோரமாக, நிழலில் வரிசையாக நின்றார்கள். நாற்காலி போட்டு பர்சனல் ஆபீசர் அம்மா, பக்கத்தில் சங்கத் தலைவர், அந்தப் பக்கம் டாக்டர். அதே மூவர். டீச்சர் மைக்கை வாங்கி இரண்டே வரி பேசினாள். "வண்டி எந்தப் பக்கம் போகணும், ஆள் எந்தப் பக்கம் நடக்கணும்னு உங்க போர்டுலயே எழுதியிருக்கு. சார் இப்ப ஓட்டிக் காட்டுவார்." கைதட்டினார்கள். பொம்மையை வலது ஓரத்து மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு, அவள் கிடங்குக்குள் நின்ற வண்டியில் ஏறி இடது சீட்டில் உட்கார்ந்தாள். ஃபாரின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"போலாமா?"

"போலாம் சார்."

வண்டி இருட்டான கிடங்கிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது. திருப்பம். டீச்சரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அவர் ஒரு நொடி டாஷ்போர்டைப் பார்த்தார், எதையோ தேடுவதுபோல. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அவர் கை, பதினெட்டு வருடப் பழக்கத்தில், அகலமாக, அழகாக, சாலையைக் கடந்து எதிர் ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுபோயிற்று. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, பதினான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு முழுதாக வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

பொம்மை கோட்டின் மேல் இல்லை. ஓரத்துப் புல்லில் குப்புறக் கிடந்தது. கோட்டின் மேல், வலது ஓரமாக, கேட்டை நோக்கி, ஸ்டிக்கை ஊன்றி ஊன்றித் தம்பி நடந்துகொண்டிருந்தான். பின்னால் வண்டி வரும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மனம் ஒன்றும் யோசிக்கவில்லை. கால்தான் யோசித்தது. பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது. இருவரும் முன்னால் சாய்ந்து பெல்ட்டில் தொங்கினார்கள். வண்டியின் மூக்குக்கும் தம்பியின் முதுகுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. வரிசையில் யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள்.

ஃபாரின் நடுங்கிப் போனார். நடுங்கிய மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். முதுகைப் பார்த்ததுமே ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏய், மறுபடியும் நீயா? ராங் சைடுல நடக்கறியே, அறிவில்ல? அன்னைக்கும் இப்படித்தான் வந்து விழுந்தே."

முந்நூறு பேர் காதிலும் அது விழுந்தது. தம்பி அப்போதும் திரும்பவில்லை. ஸ்டிக்கால் கீழே இருந்த மஞ்சள் கோட்டை ஒரு தட்டுத் தட்டினான்.

"அன்னைக்கும் இங்கதான் சார் நடந்தேன்," என்றான். "இதே இடம்."

சங்கத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நிதானமான ஆள். சாலையைக் கடந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஜன்னலருகே குனிந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். இப்ப நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்க?"

"என் பக்கம்தான்யா. வேற எங்க?" என்றார் ஃபாரின். சொல்லிவிட்டுத் தன் பக்கத்தைக் காட்டக் கையை வெளியே நீட்டினார். நீட்டிய கை, தோளுக்குக் கீழே ஓடிய மஞ்சள் கோட்டைத் தாண்டி, புல்லின் மேல் போய் நின்றது. அந்தப் புல்லில் நீலச் சட்டை போட்ட பொம்மை கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். தலையைத் திருப்பினார். அவருக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே மொத்தச் சாலையும் காலியாகக் கிடந்தது. அதற்கு அப்பால் முந்நூறு பேர் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

டாக்டர் முதலில் வாயைத் திறந்தார். "சட்டையில புல் ஒட்டியிருந்தது, சுவரோரமா புல்லே கிடையாது," என்றார், யாரிடமும் இல்லாமல். "நான் எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தீங்க," என்றார் பர்சனல் ஆபீசர் அம்மா. "ஆனா ஆளு அந்தச் சுவரோரமா இல்ல கிடந்தான்?" கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. நிழலுக்குத் தூக்கி வந்த பெரிய மனசை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள். அந்தம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அந்த ஃபைலை நாளைக்குக் காலையில என் மேஜைக்குக் கொண்டு வாங்க. புதுக் கிளை விஷயத்தை நான் மேலிடத்துல பேசிக்கறேன்."

தம்பி இப்போதுதான் திரும்பினான். அக்காவைப் பார்த்தான். அவள் இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

விழா அத்தோடு முடிந்தது. யாரும் யாரையும் கலையச் சொல்லவில்லை, தானாகக் கலைந்தார்கள். ஃபாரின் வண்டியிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் அலுவலகக் கட்டடத்துக்குள் போனார். மாடிப்படியில், பை எடுக்க மேலே போயிருந்த ஷிஃப்ட் முடிந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், தங்கள் இடது பக்கமாக. அவர் வழக்கம்போலத் தன் வலது பக்கமாக ஏறினார். முதல் ஆள் ஒதுங்கவில்லை. தோளோடு தோள் முட்டியது. "சாரி சார்," என்று சொல்லிவிட்டு அதே பக்கத்தில் இறங்கிப் போனான். இரண்டாவது ஆளும் முட்டினான். மூன்றாவதாக டீத்தட்டோடு வந்தவர், தட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார், ஆள் நகரவில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்தது இல்லை. ஐந்து வருடமாக மாறி நடந்த கால்கள் தங்கள் பக்கத்துக்குத் திரும்பிவிட்டன. கடைசியில் அவர் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நின்றார். அத்தனை பேரும் இறங்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. டீச்சர் கீழே தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்று, கடைசி ஆள் வரைக்கும் பார்த்தாள். ஒரு ஆளைக்கூட விடவில்லை.

கிளம்பும்போது அவர் மறுபடி வந்தார். தம்பி ஏற்கெனவே இடது சீட்டில் ஏறி, ஸ்டிக்கைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் ஸ்டீயரிங்கின் முன்னால் இருந்தாள். ஃபாரின் அவள் ஜன்னலருகே குனிந்தார். அரை நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"அவன் உன் தம்பின்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

கோபப்படப் பார்த்தார், அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. என்னைமாதிரி வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க எத்தனையோ பேர் உன்கிட்ட கத்துக்கிட்டுப் போறாங்களாமே. எனக்கு மட்டும் ஏன் இது போக மாட்டேங்குது? நான் வேணும்னு செய்யல. என் கைக்குத் தெரியவே மாட்டேங்குது."

அது உண்மைதான் என்று அவளுக்கும் தெரியும். அன்றும் கை தெரியாமல்தான் செய்தது. ஆனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தது கைப்பழக்கம் இல்லை. அதை அவர் தெரிந்துதான் செய்தார்.

"அதுக்கு ஒரே ஒரு வார்த்தை இருக்கு சார்," என்றாள். "எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிடுவேன். நாலு நாள்ல சரியாயிடும்."

"எனக்குச் சொல்லலையே."

"ஆமா. உங்களுக்குச் சொல்லல."

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பவாவது சொல்லும்மா," என்றார் அவர். குரல் கெஞ்சிற்று.

டீச்சர் கண்ணாடியை ஏற்றினாள். வண்டியைக் கிளப்பி, இடது ஓரத்தைப் பிடித்து, கேட்டுக்கு வந்தாள். செக்யூரிட்டி ஓடிவந்து கம்பைத் தூக்கினார். தம்பியைப் பார்த்து ஏதோ கூப்பிட வாயெடுத்தவர், பழைய பெயர் நாக்கு நுனி வரை வந்ததும் விழுங்கிவிட்டு, "போய்ட்டு வாங்க தம்பி," என்றார். தம்பி தலையாட்டினான். வெளிச்சாலை காலியாக இருந்தது. அவள் இடது பக்கம் சின்னதாகத் திரும்பினாள். அவளுடைய வலது தோளுக்குப் பக்கத்தில் நடுரோடு ஓடிற்று.

கொஞ்ச தூரம் போனதும் தம்பி, "பாவம்க்கா, சொல்லியிருக்கலாம்," என்றான்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள் அக்கா. வண்டியைத் திருப்பவில்லை.